கடலில் வீழ்ந்த விமானமும் சிகிரியாவின் வான்தளமும்

இலங்கையில் கடற்கரை இல்லாத மாவட்டங்கள் சில உள. மாத்தளை அவற்றுள் ஒன்று. நக்கிள்ஸ் மலைத்தொடர் ஒருபுறமும், தம்புள்ளையை நோக்கி விரியும் வறண்ட சமவெளி மறுபுறமுமாக அமைந்த இந்நிலத்திற்கும் கடற்போருக்கும் யாதொரு தொடர்பும் இராதென்றே எவரும் எண்ணுவர். ஆயினும் மாத்தளை நகரிலிருந்து நாவுலை, தம்புள்ளை வழியாக வடக்கே சென்று, இனாமலுவையிற் கிழக்கே திரும்பிச் சிகிரியாவை அடைவோர், காசியப்ப மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் அரண் அமைத்த குன்றுக்கு அண்மையில் விமான ஓடுபாதை ஒன்று இருப்பதைக் காணலாம். இன்று இலங்கை விமானப் படையின் நிலையமாக விளங்கும் இவ்வான்தளம் இரண்டாம் உலகப் போரின்போது தோன்றியது. இங்கிருந்து எழுந்த விமானங்கள் வங்காள விரிகுடாவைக் கடந்து சுமாத்திரா வரை சென்று மீண்டன.

காட்டின் நடுவே அமைந்த தளமொன்றுக்குக் கடலைக் காக்கும் பணி ஏன் வந்தது? இதற்கு விடை காண வேண்டுமாயின், 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள், இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 350 மைலுக்கு அப்பால், நடுக்கடலிற் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு விமானத்தின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும். அவ்விமானத்தின் தலைவருக்கு 'இலங்கையின் இரட்சகர்' என்ற பெயர் பின்னாளில் வழங்கலாயிற்று. அப்பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதும் ஆராயத்தக்கதே.

போர் இலங்கையை அணுகியமை

1941 திசம்பர் 7ஆம் நாள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய யப்பானியர், அடுத்த சில மாதங்களில் தென்கிழக்காசியாவின் பெரும்பகுதியைத் தம் வசப்படுத்தினர். 1942 பெப்புருவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் இரங்கூன் அவர்கள் கைக்குச் சென்றது. மார்ச் 23இல் அந்தமான் தீவுகளும் கைப்பற்றப்பட்டன. சிங்கப்பூரை இழந்த பிரித்தானியக் கடற்படைக்குக் கொழும்பும் திருகோணமலையும் இந்து சமுத்திரத்தில் முக்கியமான துறைகள் ஆயின.

இலங்கையின் மதிப்பு துறைமுகங்களோடு நின்றுவிடவில்லை. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் பறிபோனமையால், நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைக்கும் இடங்களுள் இலங்கையே தலைமையானது ஆயிற்று. மாத்தளைப் பகுதியின் தாழ்ந்த சரிவுகளிற் கொக்கோவும் இறப்பரும் பயிரிடப்பட்டு வந்தன. அங்குப் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு, அவர்கள் அறிந்தோ அறியாமலோ, உலகப் போரின் கணக்கில் ஒரு முதலாகச் சேர்க்கப்பட்டது. தோட்டத்து இறப்பர் மாத்தளைப் புகைவண்டியிற் கொழும்புக்குச் சென்று கப்பலேறுவது. ஆதலின் கொழும்புத் துறைமுகம் எரிந்தால் அதன் வெம்மை மலைநாட்டையும் தாக்கும் என்பது வெளிப்படை.

1942 மார்ச்சில் அட்மிரல் சேர் ஜெப்ரி லேற்றன் இலங்கையின் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்டு, இராணுவ, குடியியல் அதிகாரங்கள் இரண்டையும் ஏற்றார். மார்ச் மாத இறுதியில், யப்பானியரின் இரகசியச் செய்திகளை ஒட்டுக்கேட்டு ஆராய்ந்த கொழும்பு அதிகாரிகள், ஏப்பிரல் முதலாம் நாளளவில் இலங்கைமீது தாக்குதல் நிகழக்கூடும் என்று உணர்ந்தனர். கிழக்குக் கடற்படையின் தளபதி அட்மிரல் சேர் ஜேம்ஸ் சமவில் தம் கப்பல்களைக் கடலுக்குக் கொண்டு சென்று காத்திருந்தார். முதலாம் நாள் கழிந்தது; இரண்டாம் நாளும் கழிந்தது. பகைவர் வரவில்லை. நன்னீரும் எரிபொருளும் குறைந்தமையால், மாலைதீவுக் கூட்டத்தின் தெற்கிலுள்ள அட்டு அற்றோல் என்ற இரகசியத் தளத்தை நோக்கிக் கடற்படை சென்றது. 'டோர்செற்சயர்', 'கோண்வோல்' என்னும் குரூசர்க் கப்பல்கள் கொழும்புக்கும், விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்' திருகோணமலைக்கும் அனுப்பப்பட்டன.

முன்னறிவிப்பு ஒன்று கிடைத்தும் அது காலத்தாற் பொய்த்துவிட்டதாகத் தோன்றிய இவ்வேளையே மிக அபாயமான வேளை. எதிர்பார்த்த நாளிற் பகைவன் வாராதபோது காவலரின் விழிப்பு இயல்பாகவே தளரும். யப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையோ, செலிபீசுத் தீவிலிருந்து மார்ச் 26இற் புறப்பட்டு, சுமாத்திராவின் தெற்கே சுற்றி வந்துகொண்டிருந்தது. அகாகி, சோர்யு, ஹிர்யு, சொகாகு, சுயிகாகு என்னும் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களும், நான்கு பெரும் போர்க்கப்பல்களும், துணைக் கப்பல்களும் அப்படையில் இருந்தன.

கொக்கலையிலிருந்து எழுந்த விமானம்

தென்னிலங்கையின் கொக்கலை வாவியில், நீரில் இறங்கவும் நீரிலிருந்து எழவும் வல்ல கட்டலினா விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. கனடிய விமானப் படையின் 413ஆம் படையணி, ஸ்கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லாந்துத் தீவுகளிலிருந்து அங்கு மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் விமானிகளுள் ஒருவர் லெனாட் பேர்ச்சல் என்பவர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1915இற் பிறந்த அவருக்கு அப்போது வயது 26. குளிர்ந்த வடகடலைக் கண்காணித்துப் பழகிய அவர், இலங்கைக்கு வந்து சில நாள்களே ஆகியிருந்தன.

ஏப்பிரல் 4ஆம் நாள், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை, விடியுமுன் பேர்ச்சலின் கட்டலினா கொக்கலையிலிருந்து எழுந்தது. அதில் ஒன்பதின்மர் இருந்தனர். கட்டலினா இரு பொறிகளைக் கொண்டது. வேகம் குறைந்தது, ஆயினும் ஒரு பகலும் ஓர் இரவும் தொடர்ந்து வானில் நிற்கக்கூடிய எரிபொருளைத் தாங்குவது. பரந்த கடலை நாள் முழுதும் நோக்கியிருக்கும் பணிக்கு அதனினும் ஏற்ற விமானங்கள் அந்நாளில் அரியன. ஆனால் ஒரே ஒரு போர் விமானம் எதிர்ப்பட்டாலும் அதற்குத் தப்பிச் செல்ல வழியில்லை. காவற்பணிக்கு உரிய பொறுமையைப் பெற்ற அவ்விமானம், தற்காப்புக்கு உரிய வேகத்தைப் பெறவில்லை.

பகல் முழுவதும் குறித்த பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியும் எதுவும் தென்படவில்லை. திரும்பும் வேளை நெருங்கிற்று. திசையறி கருவிகளாற் கணித்த இடத்தை நிலவின் எழுச்சியைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளலாம் என்று கருதி, மேலும் ஒருமுறை தெற்கே சென்று சுற்ற முடிவு செய்தனர். அம்முடிவே வரலாற்றிற் பதிந்தது. பிற்பகல் 4 மணியளவில், தென்திசை அடிவானத்திற் சிறு புள்ளியொன்று தோன்றியது. அதனை அணுகிப் பார்த்தபோது, புள்ளி பலவாயிற்று, புள்ளிகள் கப்பல்களாயின. கப்பல்களை எண்ணி வகைப்படுத்த வேண்டுமாயின் இன்னும் நெருங்க வேண்டும். நெருங்கினால் மீள்வது அரிது. பேர்ச்சல் நெருங்கினார்.

கப்பல்கள் நிற்கும் இடம், செல்லும் திசை, வேகம், தொகை ஆகியவற்றைச் சங்கேத மொழியிலாக்கி, கம்பியில்லாத் தந்தி வாயிலாக அனுப்பத் தொடங்கினர். அத்தகைய செய்தியை மும்முறை திருப்பி அனுப்புதல் விதி. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே, விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த 'சீரோ' போர் விமானங்களின் குண்டுகள் தந்திக் கருவியைச் சிதைத்தன. கட்டலினாவினும் ஏறத்தாழ இருமடங்கு வேகமுள்ள அவ்விமானங்கள் மாறிமாறி வந்து சுட்டன. எரிபொருட் கலங்கள் துளைக்கப்பட்டுத் தீப்பற்றின. தீயை ஒருமுறை அணைத்தனர், மறுபடியும் பற்றியது. விமானம் தாழப் பறந்தமையாற் குடையின் துணைகொண்டு குதிக்கவும் இயலாது. இனிக் கடலே புகல் என்று கண்ட பேர்ச்சல், எரியும் விமானத்தை நீரின்மேல் இறக்கினார்.

நீரில் இறங்குவது கட்டலினாவுக்கு இயல்பான செயலே. ஆனால் அடிப்பகுதி சல்லடையாகத் துளைக்கப்பட்ட பின் அது மிதவையாக நில்லாது. சிந்திய எரிபொருள் நீர்ப்பரப்பின்மேற் பற்றி எரிந்தது. விமானம் மூழ்கியபோது ஒருவர் அதனோடு மறைந்தார். மற்றை எண்மர் தீயை விலக்கி நீந்தினர். அதன் பின்னரும் சீரோ விமானங்கள் தாழ்ந்து வந்து நீரில் இருந்தோரைச் சுட்டன. உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தமையால் நீருள் மூழ்கித் தப்ப இயலாதிருந்த காயக்காரர் இருவர் அங்கு உயிர்நீத்தனர். எஞ்சிய அறுவரை 'இசோகசே' என்னும் யப்பானிய நாசகாரிக் கப்பல் எடுத்துச் சென்றது.

மறைத்த செய்தி

கப்பலில் ஏற்றப்பட்டவுடன், செய்தி அனுப்பினீர்களா என்பதே அவர்களிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட வினா. அவ்வினாவின் முக்கியத்துவம் எளிதில் விளங்கும். செய்தி கொழும்பை எட்டியிருக்குமாயின், மறுநாள் விடியலில் யப்பானியர் தேடிவரும் கப்பல்கள் அங்கே இரா. எட்டவில்லையாயின், பேர்ள் துறைமுகத்தில் நிகழ்ந்தது கொழும்பிலும் நிகழலாம். அறுவரும் அடிக்கப்பட்டனர், செய்தி எதுவும் அனுப்பவில்லை என்றே சாதித்தனர்.

பேர்ச்சல் பின்னாளிற் கூறிய வரலாற்றின்படி, அவர்களின் மறுப்பை யப்பானியர் ஒருவாறு நம்பத் தொடங்கிய வேளையில், கொழும்பிலிருந்து வந்த தந்தியொன்றை அவர்கள் ஒட்டுக்கேட்டனர். கிடைத்த செய்தியை மீண்டும் அனுப்புக என்று கட்டலினாவைக் கேட்ட தந்தி அது! கொழும்பில் இருந்தோர் தம் பணியையே செய்தனர். ஆனால் அதன் பயனாக நடுக்கடலில் அறுவர் மறுபடியும் அடிபட்டனர். ஒரே செயல் ஓரிடத்தில் விழிப்பாகவும் மற்றோரிடத்தில் துன்பமாகவும் அமையும் இத்தகைய நிலை, போர் வரலாற்றிற் பல இடங்களிற் காணப்படுவது.

அறுவரும் பின்னர் 'அகாகி'க்கு மாற்றப்பட்டு, ஏப்பிரல் 22இல் யப்பானைச் சேர்ந்தனர். 1942 யூன் மாதத்தில் மிட்வே கடற்போரில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் அழிந்தபோது, சிறைப்பட்டோர் அவற்றில் இல்லை.

உயிர்த்த ஞாயிறு

கொழும்பில் அன்றிரவே ஏற்பாடுகள் தொடங்கின. புறப்படக்கூடிய வணிகக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டன. படையினர் தத்தம் நிலைகளில் நிறுத்தப்பட்டனர். மறுநாள், ஏப்பிரல் 5ஆம் நாள் காலை, கடற்படை விமானி மிற்சுவோ புச்சிடாவின் தலைமையில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 'ஹெக்ரர்' என்ற ஆயுதந் தரித்த கப்பலும், 'ரெனடோஸ்' என்ற நாசகாரியும் துறைமுகத்தில் மூழ்கின. பாதி வெறிச்சோடிய துறைமுகத்தில் யப்பானியர் தேடிவந்த கடற்படை அகப்படவில்லை.

இதுவரை பார்த்தால், செய்தி தன் பயனை நிறைவாக அளித்தது என்றே தோன்றும். ஆயினும் வரலாற்றாசிரியன் இரண்டு நிகழ்ச்சிகளை மறைத்தல் ஆகாது.

முதலாவது, தாக்குதல் வரும் என்று முன்னாள் மாலையே அறிந்திருந்தும், விமானங்கள் வரும் நேரத்தை உணர்த்த வேண்டிய றேடார் எச்சரிக்கை கிடைக்கவில்லை. இரத்மலானையில் நின்ற 30ஆம் படையணியின் ஹரிக்கேன் விமானங்கள் பகைவர் தலைக்குமேல் வந்த பின்னரே எழ வேண்டியதாயிற்று. திருகோணமலையிலிருந்து அவ்வேளையில் வந்துகொண்டிருந்த ஆறு 'சுவோட்பிஷ்' விமானங்களும் எதிர்பாராது யப்பானியரிடம் அகப்பட்டு வீழ்ந்தன. முந்திய நாள் ஒன்பதின்மர் பெரும் விலை கொடுத்துப் பெற்றுத்தந்த மணித்தியாலங்களுள் இறுதி அரைமணியை நிலத்தில் இருந்தோர் இழந்தனர்.

இரண்டாவது, கட்டலினாவின் செய்தி கேட்டுக் கொழும்பை விட்டகன்ற கப்பல்களுள் டோர்செற்சயரும் கோண்வோலும் இருந்தன. சமவிலின் கடற்படையோடு சேர்வதற்காகத் தெற்கே விரைந்த அவ்விரண்டையும் ஞாயிறு நண்பகலுக்குப் பின் யப்பானிய விமானங்கள் கண்டு மூழ்கடித்தன. 424 பேர் மாண்டனர். கடலில் மிதந்தும் படகுகளைப் பற்றியும் ஏறத்தாழ முப்பது மணித்தியாலம் கிடந்த 1,122 பேர் மறுநாள் மாலை மீட்கப்பட்டனர். ஏப்பிரல் 9இலும் அவ்வாறே நிகழ்ந்தது. முந்திய நாள் மற்றொரு கட்டலினா அனுப்பிய செய்தியின் பயனாகத் திருகோணமலையை விட்டகன்ற ஹேர்மிஸ், திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் அதனோடு இறந்தனர். அந்நாளிலேயே பகைவரின் கப்பற்படையைத் தொடர்ந்து கண்காணித்த 413ஆம் படையணியின் வேறொரு கட்டலினாவும் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்து ஒருவரும் மீளவில்லை.

துறைமுகத்தை விட்டு நீங்குதல் மட்டும் பாதுகாப்பு ஆகாது. நீங்கிய கப்பலுக்கு வானில் ஒரு குடை வேண்டும் என்ற உண்மையை இவ்விரு நாள்களும் உணர்த்தின.

'இரட்சகர்' என்ற பெயர்

பேர்ச்சலை 'இலங்கையின் இரட்சகர்' என்று அழைப்போர், யப்பானியர் இலங்கையைக் கைப்பற்ற வந்தனர் என்றும், அவரது செய்தியே அதனைத் தடுத்தது என்றும் பொருள்படப் பேசுவதுண்டு. இது ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. நகுமோவின் கடற்படையோடு தரையிறங்கும் படைகளை ஏற்றிய கப்பல்கள் வரவில்லை. பிரித்தானியக் கடற்படையைத் தேடி அழித்து, இந்து சமுத்திரத்தில் அதன் வலிமையைக் குறைத்துவிட்டு மீள்வதே அப்படையெடுப்பின் நோக்கம். ஆகவே செய்தி கிடைத்திராவிடினும் அன்று இலங்கை யப்பானியர் ஆட்சிக்கு உட்பட்டிராது.

அவ்வாறாயின் அச்செய்தி காத்தது எதனை? துறைமுகத்தில் நெருங்கி நின்ற கப்பல்களையும், அவற்றிலிருந்த மாலுமிகளையும், கரையில் உழைத்த தொழிலாளரையும் அது பேரழிவிலிருந்து காத்தது. வாராது என்று எண்ணத் தொடங்கிய பகைவன் வந்துவிட்டான் என்பதை ஐயமற உணர்த்தியது. ஒரு நாட்டைக் காத்தார் என்பதினும் இது சிறிய புகழாகத் தோன்றலாம்; ஆனால் இது உண்மையான புகழ். மேலும், அது பேர்ச்சல் ஒருவருக்கே உரியதும் அன்று. சீரோக்களின் குண்டுமழைக்கிடையே தந்திக் கருவியை விட்டு அகலாதவருக்கும், இடத்தைக் கணித்தவருக்கும், சுடுகருவிகளைப் பற்றி நின்றவர்களுக்கும், கடலோடு மறைந்த மூவருக்கும் அதிற் சமபங்கு உண்டு. தலைவர் பெயர் நிலைத்து, ஏனையோர் பெயர் மங்குவது வீரவரலாறுகளின் குறைபாடு.

பேர்ச்சலின் பெருமைக்குச் சான்றாக அதன்பின் நிகழ்ந்தவற்றையும் கூறல் வேண்டும். மூன்றாண்டுகளுக்கு மேல் யப்பானியச் சிறைமுகாம்களில் இருந்த அவர், மூத்த அதிகாரி என்ற முறையில் நோயாளிகளுக்காக வாதாடினார். அவர்களை வேலைக்குத் துரத்திய காவலரை எதிர்த்து நின்று தண்டனை பெற்றார். முகாமில் நடந்தவற்றை இரகசியமாக எழுதி மறைத்து வைத்த குறிப்பேடுகள், போர் முடிந்தபின் நடந்த விசாரணைகளிற் சான்றாகப் பயன்பட்டன. 2004ஆம் ஆண்டில் தமது 89ஆம் வயதில் அவர் காலமானார்.

கரையிலிருந்து காட்டுக்கு

கொழும்பு தாக்கப்பட்டபின் மக்கள் பெருந்தொகையாக நகரை விட்டகன்றனர். துறைமுகத் தொழிலாளர் பலர் இந்தியாவுக்குச் சென்றனர். வேறு பலர் வடக்கே யாழ்ப்பாணத்தையும் மலைநாட்டையும் நாடினர். மக்கள் உள்நாட்டை நாடியது போலவே போர் முயற்சியும் உள்நாட்டை நாடியது. 1944இல் தென்கிழக்காசிய நேசப் படைகளின் தளபதி மவுண்ட்பேற்றன் தம் தலைமைச் செயலகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைத்தார். மின்னேரியாவிலும் சிகிரியாவிலும் பெரிய விமானங்களுக்கு ஏற்ற ஓடுபாதைகள் உருவாயின.

சிகிரியாவின் தகைமைகள் எளிதில் விளங்கும். நிலம் சமனானது. கடலிலிருந்து எழும் பகை விமானங்கள் கரையைக் கடந்து நெடுந்தூரம் வந்தாலன்றி அதனை எட்டா. ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் குன்று, நெடுந்தொலைவிலிருந்து மீளும் விமானிக்கு இயற்கை அளித்த அடையாளம். கிழக்குக் கரையும் திருகோணமலையும் அண்மையில் உள்ளன. பகையைக் காண வேண்டிய கண் கடலோரத்திலேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. எட்டிப் பார்க்கும் ஆற்றல் உண்டாயின் அது மலைநாட்டின் அடிவாரத்திலும் இருக்கலாம்.

அவ்வாற்றலைக் கொடுத்தது 'லிபறேற்றர்' என்னும் நான்கு பொறி விமானம். அரச விமானப் படையின் 160ஆம் படையணி 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரத்மலானைக்கு வந்து, அவ்வாண்டு ஓகத்து மாதத்திற் சிகிரியாவுக்கு மாறியது. 1944 ஓகத்து வரை அது மாத்தளை மாவட்டத்திலேயே நிலைகொண்டிருந்து, பின்னர் காங்கேசன்துறைக்கும், 1945இல் மின்னேரியாவுக்கும் சென்றது. சிகிரியாவிலிருந்து எழுந்த லிபறேற்றர்கள் கடற்காவலிலும், நிக்கோபார்த் தீவுகளையும் சுமாத்திராவின் கரையையும் படம்பிடிக்கும் பணியிலும் ஈடுபட்டன. இலங்கையின் கிழக்குக் கரைக்கும் சுமாத்திராவின் வடமுனைக்கும் இடையே ஏறத்தாழ 1,000 மைல் கடல் உண்டு. போகவும் வரவும் அத்தொலைவு முழுவதிலும் இடையில் இறங்க இடமில்லை.

1942இல் இலங்கையின் கண்காணிப்பு விமானம் பகைவனின் வரவை எதிர்பார்த்துச் சுற்றிற்று. 1943இலும் 1944இலும் அது பகைவனின் துறைமுகத்துக்கே சென்று நோக்கிற்று. எனினும் புதிய விமானத்திற்கும் குறையொன்று உண்டு. நெடுந்தூரம் செல்லும் ஆற்றலிலும் வேகத்திலும் கட்டலினாவை விஞ்சிய லிபறேற்றர், கடலில் இறங்க நேர்ந்தால் அதனினும் ஆபத்தானது. அதன் சிறகு உடலின் மேற்பகுதியில் அமைந்தது; ஆதலின் உடலே முதலில் நீரை மோதும். வயிற்றுப் பகுதியிலுள்ள குண்டறைக் கதவுகள் மெல்லியவை. மோதிய வேகத்தில் அவை பிளந்து, நீர் உட்புகுந்து, உடல் முறிவது பெரும்பாலும் நிகழ்வது. சிகிரியாவிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு குழுவும் இதனை அறிந்தே கிளம்பியது.

மீட்போர் இருந்த கடல்

இரண்டாண்டுகளில் நேர்ந்த மாற்றத்தை 1944 ஏப்பிரல் 19ஆம் நாள் நன்கு காட்டுகிறது. அன்று, திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கிழக்குக் கடற்படையின் விமானங்கள், சுமாத்திராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கின. பிரித்தானிய விமானந்தாங்கியான 'இலஸ்திரியஸ்' கப்பலோடு அமெரிக்காவின் 'சறற்றோகா'வும் சேர்ந்திருந்தது. அடங்கியிருந்த கடற்படை இப்போது அடிக்கச் சென்றது.

அத்தாக்குதலில் ஓர் அமெரிக்கப் போர் விமானம் சுடப்பட்டுக் கடலில் வீழ்ந்தது. ஆனால் வீழ்வோரை எடுப்பதற்கென்றே 'ரக்ரிசியன்' என்ற பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல் முன்கூட்டி அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. பகைவரின் சூட்டுக்கிடையே அது மேலெழுந்து விமானியை மீட்டது.

1942 ஏப்பிரல் 4இல் நீரிற் கிடந்த எண்மருக்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. அவர்களை எடுக்க வந்தது பகைவனின் கப்பல். இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே சமுத்திரத்தில், ஒரே மாதத்தில், ஈராண்டு இடைவெளியில் நிகழ்ந்தவை. வீரம் இரண்டிலும் ஒத்ததே. வேறுபாடு, அனுப்பியவர்கள் செய்து வைத்த ஆயத்தத்தில் இருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து தெளிவது இதுவே: காவல் என்பது ஒருவனது கண்ணோடு முடிந்துவிடுவதில்லை. காண்போன் வேண்டும், கண்டதைச் சொல்வோன் வேண்டும், சொன்னதைக் கேட்டு உடன் செயற்படுவோன் வேண்டும், காணச் சென்றவன் வீழ்ந்தால் அவனை மீட்போனும் வேண்டும். இந்நான்கில் முதலிரண்டையும் பேர்ச்சலின் குழுவினர் குறைவின்றிச் செய்தனர். மூன்றாவது பாதியளவே நிகழ்ந்தது. நான்காவது அறவே நிகழவில்லை. பிற்காலத்திற் சிகிரியா போன்ற தளங்களும், ரக்ரிசியன் போன்ற மீட்புக் கப்பல்களும் அக்குறைகளை நிரப்ப முயன்றன. 'இரட்சகர்' என்ற ஒரு பெயரை ஒருவருக்குச் சூட்டி அமைதியடைவோர், மற்றைக் கடமைகளை யார் செய்தார், யார் செய்யத் தவறினார் என்ற வினாவை எழுப்ப மறந்துவிடுகின்றனர்.

தென்கிழக்காசியப் போரங்கத்தில் மறைந்து, கல்லறை இல்லாதொழிந்த பொதுநலவாய விமானப் படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியிலுள்ள நினைவுச் சின்னத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. கடலிற் புதைந்தோருக்குக் கல்லில் ஓரிடம் கிடைத்தது நன்றே. சிகிரியாவுக்குச் செல்லும் மாணவர் பலர் குன்றின் ஓவியங்களையும் சிங்கபாதத்தையும் கண்டு திரும்புவர். ஐந்தாம் நூற்றாண்டின் மன்னன் தன் உயிருக்கு அஞ்சி அமைத்த அரண் அது. அதன் அண்மையிலுள்ள ஓடுபாதையோ, பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்துக் கடல்மேற் சென்றோர் கிளம்பிய இடம். மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் இரண்டுக்கும் ஏட்டில் இடமளித்தல் முறையாகும்.